திறக்காத கோடு

ஸ்டிக்கர் அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே நெற்றியைச் சுருக்குவார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், சாவிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் சொருகிவைத்த மாதிரி இருக்கும் அவள் கடை. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவரை விட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், சுவர் நிறையச் சுருட்டி நிறுத்திய தாள்கள். இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை பார்த்தாள். அடுக்கிக்கொண்டே, டிசைன் செய்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டாள். எழுத்து எங்கே நிற்க வேண்டும், நிறம் எங்கே அடங்க வேண்டும் என்பது அவளுக்குக் கண்ணிலேயே இருந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். கடை போடுகிறேன் என்று அவள் சொன்னபோது, "போடு. நான் மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்கேன், நீயாவது ஒரு இடத்துல உக்காரு" என்றார்.

கியூஆர் கோடு கேட்டு அவளிடம் முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்குக்கு வழி சொல்லிச் சொல்லியே வாய் வலிப்பதாகவும், போனைக் காட்டினால் மேப் திறக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். அவள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்து கொடுத்தாள். தையல்காரர் அதைக் கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பி, "கோடுங்கிறீங்க, ஒரு கோட்டையும் காணோம். எல்லாம் கட்டமால்ல இருக்கு?" என்றார். அந்தத் தெருவில் அந்த ஜோக் ஒரு வருஷம் ஓடியது.

ஆனால் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பழுதான டிவி மாதிரி இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்வாள். கட்டங்களை உருண்டைப் புள்ளிகளாக மாற்றினாள். நிறம் கொடுத்தாள். நாய் பூனை டாக்டருக்கு நடுவில் ஒரு பாதம், பூக்கடைக்கு நடுவில் ஒரு மொட்டு. கோட்டுக்குள் விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கும். ஒரு மூலை கிழிந்தாலும் மீதியை வைத்து போன் ஊகித்துக்கொள்ளும். அந்தச் சலுகையைத்தான் அவள் படம் போடச் செலவழித்தாள். பார்த்தவர்கள் அழகு என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் மயங்குவாள். அது அவள் பலம், பலவீனம் இரண்டும்.

கணவரின் தங்கையை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு நாற்பது வயது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அடுப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம் தயாரித்து விற்றுவந்தாள். காரம் அதிகம், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரியும். பழைய லேபிளில் என்னென்ன கலந்திருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, வாயில் போனால் என்ன செய்வது என்று எறும்பு வரிசை மாதிரி எழுத்து.

"அண்ணி, இது மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. கடையில யாரும் கையில எடுத்துப் பாக்கக்கூட மாட்டேங்கிறாங்க" என்று ஒருநாள் குட்டி வந்து உட்கார்ந்தாள். "பாட்டிலையும் மாத்தப்போறேன். ஒல்லியா, கைக்கு அடக்கமா. லேபிளும் பளிச்சுனு இருக்கணும்."

"அப்ப எழுத்தையெல்லாம் கோட்டுக்குள்ள தள்ளிடலாம் குட்டி. லேபிள் சுத்தமா இருக்கும். வேணுங்கிறவங்க ஸ்கேன் பண்ணிப் படிச்சுக்கட்டும்."

இந்த வார்த்தை ஸ்டிக்கர் அக்காவின் வாயிலிருந்துதான் வந்தது. வற்புறுத்திக் கேட்டவர் யாருமில்லை.

எலுமிச்சைத் துண்டுகள், இரண்டு இலை, இளம்பச்சை நிறத்தில் கோடு, கோட்டுக்கு நடுவில் இன்னோர் இலை. கோடு திறக்கும் பக்கத்தையும் அவளே டைப் செய்தாள். ரசாயனம் சப்ளை செய்பவர் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி விடாமல் ஏற்றினாள். 'குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது' என்ற வரியைச் சிவப்பில் போட்டாள். குட்டி, "சிவப்பு வேணாமே அண்ணி, பயமுறுத்துற மாதிரி இருக்கு" என்றாள். இதில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

வேறொன்றில் விட்டுக்கொடுத்தாள். கோட்டைச் சுற்றி விட்டிருந்த வெள்ளை இடத்தைக் காட்டி, "இது எதுக்கு சும்மா கிடக்கு? கோட்டையும் கொஞ்சம் சின்னதாக்கி, எலுமிச்சையை ஒட்டிக் கொண்டுவாங்களேன்" என்றாள் குட்டி. அந்த வெள்ளை வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று போன் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். இருந்தாலும் குறுக்கிப் பார்த்தாள். மேஜைமேல் தாளை விரித்து, விளக்கைப் போட்டு, போன மாதம் வாங்கிய தன் போனை நீட்டினாள். டக்கென்று திறந்தது. அவ்வளவுதானே என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். எல்லா ஸ்டிக்கரிலும் போடுவதைப் போல ஓரத்தில் பொடி எழுத்தில் தன் கடை போன் நம்பரையும் போட்டாள்.

புது பாட்டில் நன்றாகவே விற்றது. குட்டி கொட்டகையில் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டாள்.

ஒரு மத்தியானம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு ஒட்ட வேண்டிய எழுத்துகளை அக்கா ஊசியால் உரித்துக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஸ்டிக்கர் கடையா?" ஒரு பெண். மூச்சு வாங்கியது. "இந்த பாட்டில்ல உங்க நம்பர்தாங்க இருக்கு. என் பொண்ணு குடிச்சிட்டா. ஜூஸ்னு நெனச்சுக் குடிச்சிட்டா. கோட்டைக் காட்டுறேன், காட்டுறேன், திறக்கவே மாட்டேங்குது. வேற ஒண்ணுமே எழுதலையே இதுல! நான் என்ன பண்ணுவேன்?"

எந்த பாட்டில் என்று கேட்கவில்லை. எலுமிச்சை, இலை. தானே வரைந்தது.

பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் மேலாக இன்னொரு பெண்குரல்: "உப்புத் தண்ணி கரைச்சாச்சு. வாயைத் திறக்க வை. வாந்தி எடுத்துட்டா எல்லாம் வெளிய வந்துடும்."

"வேணாம்!" என்று கத்தினாள் அக்கா. சாவிக் கடைக்காரர் அரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அதைக் குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வைக்கக் கூடாது!"

"பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க..."

"யார் சொன்னாலும் வேணாம்மா. உள்ள போகும்போது சுட்டிருக்கும். வெளிய வந்தா இன்னொரு தடவை சுடும், தொண்டை வெந்துடும். முதல்ல அந்த டம்ளரைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

பதில் வரவில்லை. குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. டம்ளர் கீழே வந்ததா, குழந்தையின் வாய்க்குப் போனதா என்று தெரியவில்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு உலோகம் கல்லில் படும் சத்தம் கேட்டது.

"வெச்சாச்சு."

"நல்லது. இப்போ வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க, வெறும் தண்ணி. விழுங்கக் கூடாது, துப்பணும். உதடு, கன்னம், கை எல்லாம் குழாயில காட்டிக் கழுவுங்க. சட்டையில சிந்தியிருக்கா?"

"ஆமா, முன்னாடி பூரா."

"கழட்டிடுங்க. மூச்சு விடக் கஷ்டப்படுறாளா?"

"அழறா. கத்திக் கத்தி அழறா."

"அழட்டும்மா. அழுதா மூச்சு போகுதுன்னு அர்த்தம். வண்டி இருக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துட்டு வர்றார்."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாட்டிலை மறந்துடாதீங்க, மூடி போட்டுக் கையில எடுத்துக்குங்க. இதே நம்பருக்கு அந்தப் பக்கத்தை அனுப்புறேன். என்ன கலந்திருக்குன்னு அதுல இருக்கு, போன உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. எந்த ஆஸ்பத்திரி?"

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கே, அது" என்றாள் அந்தத் தாய். போன் கட்டாகிவிட்டது.

பக்கத்தை அனுப்பும்போது விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. மூன்றாவது முறை போனது. போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்று திரையையே வெறித்தாள். பிறகு குட்டிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது குட்டிக்கு எதுவும் கேட்காது. கணவருக்கு அடித்தாள்.

"லிஃப்ட் மேல நிக்கிறேன். அப்புறம் பேசவா?"

"கீழ இறங்குங்க" என்றாள். அந்தக் குரலுக்கு அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

அவர் வந்து சேரும்வரை அவளால் உட்கார முடியவில்லை. அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து, தன் போனை நீட்டினாள். டக்கென்று திறந்தது. இன்னொரு முறை. திறந்தது. ஒரு கணம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது: கோட்டில் தப்பில்லை, பதற்றத்தில் அந்தப் பெண்தான் சரியாகக் காட்டவில்லை. அப்படி நினைத்த மறு நிமிடமே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. பதறியவர்களுக்குத்தானே அந்தக் கோடு? பதறாதவர்கள் எதற்கு அதைத் திறக்கப்போகிறார்கள்?

கணவர் வந்ததும் அவருடைய போனைப் பிடுங்கினாள். கீறலும் கிரீஸும் படிந்த பழைய போன். பாட்டிலுக்கு முன்னால் நீட்டினாள். கேமரா தேடியது, மங்கலானது, தெளிந்தது, மறுபடி மங்கியது. ஒன்றும் திறக்கவில்லை.

"எனக்கு எப்பவுமே இது ஆகாது. லென்ஸ் போயிருக்கும்" என்றார் அவர்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம், கை கழுவும் இடத்துக்குப் போனாள். மஞ்சள் பல்பு, ஈரச் சுவர். ஒரு சமையலறை இப்படித்தான் இருக்கும். பாட்டிலில் தண்ணீர் தெளித்து, இடுப்பில் குழந்தை இருப்பதாக நினைத்து, ஒற்றைக் கையால் தன் புதுப் போனையே நீட்டினாள். திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. மேஜைமேல் தட்டையாகக் கிடந்த கோடு, ஒல்லி பாட்டிலில் ஏறியதும் வளைந்து, இரண்டு ஓரமும் பின்பக்கம் ஒளிந்துகொண்டது. மஞ்சள் வெளிச்சத்தில் இளம்பச்சை வெளுத்துவிட்டது. வெள்ளை ஓரம் இல்லாததால் எலுமிச்சை எங்கே முடிகிறது, கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ஊகித்துக்கொள்ள இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் நடுவிலிருந்த இலை தின்றுவிட்டது. தனித்தனியாக ஒவ்வொன்றையும் போன் சமாளித்திருக்கும். எல்லாமாகச் சேர்ந்து அதன் கண்ணைக் கட்டிவிட்டன.

இன்னொன்றையும் பார்க்கத் தோன்றியது. எந்த நாளில், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கோட்டைத் திறந்தார்கள் என்று கோடு செய்து தரும் இணையதளத்திலேயே பார்க்கலாம். விற்பனைக்குப் போன நாளிலிருந்து அவள் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஆரம்பத்தில் சில, எல்லாம் அவள் கடையிலும் குட்டி வீட்டிலும் திறந்தவை. பிறகு இன்று அவள் திறந்தவை. இடையில் ஒன்றுமே இல்லை. இத்தனை வீடுகளில் பாட்டில் இருக்கிறது, வெளியாள் ஒருவருக்குக்கூட அது திறந்ததில்லை. எத்தனை பேர் முயன்று பார்த்துவிட்டு, போகிறது என்று வைத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் கணவர். "இங்கயே உக்காந்திருந்தா உனக்குத்தான் ஏதாவது ஆயிடும்."

அவசரப் பிரிவின் வெளியே நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில், கையில் ஈரமான குட்டிச் சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெண். காலில் செருப்பில்லை. பக்கத்து நாற்காலியில் அந்த பாட்டில் தனியாக நின்றிருந்தது.

"போன்ல பேசினது நான்தாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள பாத்துக்கிட்டிருக்காங்க. உப்புத் தண்ணி குடுக்காதது எவ்வளவோ நல்லதுன்னு டாக்டர் சொன்னார். நீங்க அனுப்பினதைத்தான் காட்டினேன். நீங்க மட்டும் போனை எடுக்கலேன்னா..."

நன்றி அக்காவுக்கு நெருப்பாகச் சுட்டது. அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பக்கத்தில் நின்ற கணவர்கூட அதைத்தான் எதிர்பார்த்தார் என்று பிறகு சொன்னார்.

"அந்த லேபிளைப் பண்ணினதும் நான்தான்" என்றாள். "எழுத்தை எடுத்துட்டுக் கோட்டை மட்டும் போடலாம்னு சொன்னதும் நான்தான். கோடு சரியில்ல. இப்பத்தான் பாத்தேன்."

பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. அந்தப் பெண் கத்தவில்லை. பாட்டிலை எடுத்து, எலுமிச்சைப் படத்தை அக்காவின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதைப் பாத்துத்தான் எடுத்தா அவ. ஜூஸ் படம் போட்டிருக்கீங்களே. மூணு வயசுக் குழந்தைக்கு வேற என்னன்னு தெரியும்?"

அது அக்காவுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. கோட்டைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து டாக்டர் வந்தார். உதட்டிலும் நாக்கிலும் புண் இருக்கிறது, இறங்கியது கொஞ்சம்தான் போலத் தெரிகிறது, தொண்டைக்குள் எவ்வளவு பட்டிருக்கிறது என்று குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அந்தப் பெண் மறுபடி நாற்காலியில் சரிந்தாள். அக்கா கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக நின்றாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. குழந்தையின் அப்பா ஓடி வந்தார். மனைவி காதில் ஏதோ சொல்ல, அவர் திரும்பி அக்காவை முறைத்துப் பார்த்தார். அக்காவின் கணவர் ஓரடி முன்னால் வந்து நின்றார். அந்த மனிதர் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மறுபடி கதவு திறந்தபோது டாக்டரின் நடையில் முன்பிருந்த அவசரம் இல்லை. தொண்டையில் லேசான சிவப்புதான், கீழே பெரிதாக ஒன்றும் படவில்லை, இரண்டொரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். அந்த அப்பா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அக்கா வாசல் பக்கம் நடந்தாள். யாரிடமும் விடைபெறவில்லை.

நேராகக் குட்டியின் கொட்டகைக்குப் போனார்கள். குட்டி மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அக்கா சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கடையில இருக்கிற எல்லாத்தையும் திரும்ப எடுக்கணுமா? அண்ணி, விளையாடுறீங்களா? எடுத்தா ஏன்னு கேப்பாங்க. ஊரே பேசும். அப்புறம் எவன் வாங்குவான்?"

"இன்னொரு வீட்டுல இன்னொரு குழந்தை எடுத்தா?"

"குழந்தை கைக்கு எட்டுற மாதிரி வெச்சா நான் என்ன பண்றது? அவங்க பாத்துக்க வேணாமா? கோடு நல்லாத்தான் இருக்கு. நானே எத்தனை தடவை திறந்திருக்கேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுண்ணா."

அவர் தரையைப் பார்த்தார். மனைவியும் தங்கையும் மோதும்போது அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அக்கா அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை உருவி, குட்டியின் கையில் வைத்தாள். கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. தரையெல்லாம் ஈரம்.

"உன் பொண்ணு குடிச்சிட்டான்னு வெச்சுக்கோ. இந்தா, அழறா. இப்ப திற."

"என்ன பேச்சு அண்ணி இது..."

"திற குட்டி."

குட்டி வீம்பாகத்தான் போனை நீட்டினாள். திறக்கவில்லை. பாட்டிலைத் திருப்பினாள். கிட்டே கொண்டுவந்தாள், எட்டிப் பிடித்தாள். ஈரக் கையில் பாட்டில் வழுக்கியது. போனை உடையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். "இரு, இரு, இப்ப வரும்" என்று குட்டி முணுமுணுத்தாள். வரவில்லை. கதவருகே போய் வெளிச்சத்தில் பிடிக்கக் காலெடுத்தவள், பாதியில் நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் கதவருகே ஓடி வெளிச்சம் தேடப்போகிறார்கள் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். பாட்டிலைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, போனில் நம்பர் தேடினாள்.

"பெரிய கடைக்காரருக்கு முதல்ல சொல்றேன்" என்றாள். "அவர்கிட்டதான் நிறைய இருக்கு."

அன்று சாயங்காலமும் மறுநாளும் மூவரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கணவர் லிஃப்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டி ஓட்டினார். சில கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், "நல்லா ஓடுற சரக்கைப் போய்த் திருப்பிக் கேக்குறீங்களே" என்று முரண்டு பிடித்தார். குட்டியே அவரிடம் நடந்ததைச் சொன்னாள், ஒளிக்காமல். அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார். விற்றுப்போனவற்றுக்காகக் கடை வாசல்களில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: இந்த பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். வாசலில் நின்று வாய்விட்டுப் படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டி பயந்த மாதிரியே ஊர் பேசத்தான் செய்தது.

புது லேபிளை அக்கா ஒரே மூச்சில் செய்யவில்லை. எலுமிச்சை போயிற்று, இலை போயிற்று. 'குடிக்கக் கூடாது', 'குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்பவை கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு ஏறின. எது தெரியாவிட்டால் உயிர் போகுமோ அதைக் கோட்டுக்குள் வைக்கவே கூடாது என்பது அவளுக்கு இப்போது சட்டம். விரிவான விவரத்துக்கு மட்டும்தான் கோடு: கறுப்பு, வெள்ளைப் பின்னணி, சுற்றிலும் தாராளமாக வெள்ளை. 'முதலுதவி விவரத்துக்கு இதை ஸ்கேன் செய்யுங்கள்' என்று கீழே ஒரு வரி. குட்டி பாட்டிலையும் மாற்றினாள். முதுகு தட்டையாக, அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடியோடு.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்கா சும்மா விடவில்லை. சாவிக் கடைக்காரர் போன், தையல்காரர் போன், கணவரின் கிரீஸ் போன், எல்லாவற்றையும் வாங்கி, விளக்கை அணைத்து, பாட்டிலை நனைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பாட்டிலுக்குத் தாலாட்டா?" என்றார் தையல்காரர். அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் திறந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

குழந்தையின் அம்மா ஒருமுறை கடைக்கு வந்தாள். பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சிறு தழும்பு. குழந்தை தரையில் உட்கார்ந்து உதிர்ந்த ஸ்டிக்கர் துணுக்குகளைப் பொறுக்கிக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வேறு எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர்கள். பழையதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"இப்ப நல்லா சாப்பிடுறாளா?" என்று கேட்டாள் அக்கா.

"சாப்பிடுறா. ஆனா எதைக் குடுத்தாலும் முதல்ல மோந்து பாக்குறா" என்றாள் அந்தத் தாய்.

குட்டியின் விற்பனை படுத்து, பிறகு மெல்ல எழுந்தது. பழைய அளவுக்கு வரவில்லை. கொஞ்ச நாள் அவள் அண்ணியிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். கோபமா, வெட்கமா என்று அக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் தரை துடைக்கும் திரவம் ஒன்று புதிதாகத் தயாரித்து எடுத்துக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"இதுக்கும் ஒரு லேபிள் வேணும் அண்ணி. பூப் படம் கேக்குறாங்க கடையில."

"பூ வேணாம்" என்றாள் அக்கா.

"நானும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றாள் குட்டி. லேபிள் முடிந்து கோட்டை இருட்டில் சோதிக்கும் நேரம் வந்தபோது, விளக்கை அணைக்க அவளே எழுந்தாள்.